உன் அம்மாவின் காதும் ஒரு கிடார் பெட்டியும்

அன்பு மகனே,

ஸலாம். உன் கடிதம் முந்தாநாள் வந்து சேர்ந்தது. தபால்காரர் மழைக்கோட்டுக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தும் ஓரம் நனைந்துதான் இருந்தது. கோடைக்கானலுக்கு வந்து நனையாத காகிதம் ஏது? வேலை மாற்றம், வீட்டு வாடகை, கோயம்புத்தூர் வெயில் என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் நாலு வரியில் என் பேத்தி ஜமீலாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். கூப்பிட்டால் திரும்புவதில்லை, வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் காகிதம் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுவிடுகிறது, ஆகவே காதில் குறையில்லை, எல்லாம் திமிர், ஞாயிற்றுக்கிழமை ஓர் அறை கொடுத்தேன் என்று. அந்த நாலு வரிக்குத்தான் இந்த நீண்ட பதில். மற்ற மூன்று பக்கத்துக்கும் பிறகு எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைக் காது டாக்டரிடம் கூட்டிப்போ. நல்ல மிஷின் வைத்துப் பரிசோதிக்கிற இடமாகப் பார்த்துப் போ. கைதட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புகிற டாக்டர் வேண்டாம். கைதட்டல் அவளுக்குக் கேட்கும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று விளக்க வேண்டுமானால், உன் அம்மாவுக்கு நான் கொடுத்த ஒரு வாக்கை மீற வேண்டும். அவள் போய் மூன்று வருடமாகிறது. இருக்கும்போது மீறியிருக்க மாட்டேன். இப்போது மீறுகிறேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

எங்கள் கல்யாணம் ஐம்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதத்தில் நடந்தது. உன் அம்மாவின் அத்தாவுக்குப் பழநி கடைவீதியில் பாத்திரக்கடை என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பெண்களுக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது என்பது உனக்குத் தெரியாது. தெருவில் நடந்து போவார்கள், பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒருத்தியும் திரும்ப மாட்டாள், அவ்வளவு கர்வம் என்று சொல்வார்கள். என் அக்கா பெண் பார்த்துவிட்டு வந்து, அழகாகத்தான் இருக்கிறாள், ஆனால் அந்த வீட்டு ராங்கி இவளுக்கும் இருக்கும் என்று என்னிடம் எச்சரித்தாள். நான் கேட்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, ராங்கியும் ஓர் அழகாகத்தான் பட்டது.

முதல் இரண்டு மாதம் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் தெரியுமா? பஜாரில் கடை, கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, நடுவில் ஒரு படி. வெயில் காலம் என்பதால் மதியச் சாப்பாட்டை முற்றத்தில் வைத்துச் சாப்பிடுவோம். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு அவள் பழநிக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள். என் முகத்தை இவ்வளவு ஆசையோடு பார்க்க ஒருத்தி வந்தாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு மழை வந்தது, மழைக்குப் பின்னால் குளிர் வந்தது. எல்லோரையும் போல நானும் மப்ளரை எடுத்துக் காதையும் வாயையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டேன். எங்களோடு இருந்த என் அக்கா சால்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள். அந்த மாதத்திலிருந்து உன் அம்மா பேசாமடந்தை ஆனாள். கேட்டதற்குப் பதில் இல்லை, சொன்னதைச் செய்வதில்லை, உப்பு கேட்டால் அடுப்பைப் பார்ப்பாள். மலை பிடிக்கவில்லை, நாங்களும் பிடிக்கவில்லை, அதனால் வீம்பு பண்ணுகிறாள் என்று அக்கா தீர்ப்பு சொன்னாள். நானும் அதற்குத் தலையாட்டினேன். அடுத்த சித்திரையில் அவள் மறுபடி பேசினாள், ஐப்பசியில் மறுபடி ஊமையானாள். இப்படிப் பல வருடம் நடந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், நான் காதை வைத்துப் பிழைத்தவன். வால்வு ரேடியோவைத் திறக்காமலே, பின்பக்கம் காதை வைத்துக் கேட்டு, எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவேன். ரீங்காரம் கேட்டால் ஒன்று, கரகரத்தால் இன்னொன்று. மேல்மலைக் கிராமங்களிலிருந்து குதிரை மேல் ரேடியோவைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மூடுபனி உள்ளே புகுந்து பூசணம் பிடித்திருக்கும். கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்தி, பாழான கண்டென்சரை மாற்றிப் பாடவைத்து அனுப்புவேன். பாய்க்குப் பாம்புக் காது என்று ஊரே சொல்லும், எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. அந்தப் பாம்புக் காது சொந்த வீட்டில் என்ன செய்தது என்பதை இனிமேல் படி.

உன் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது அம்மா பார்க்காமல் விட்டதால் வந்தது என்று உன் கல்யாணத்தின்போதுகூட எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவளும் சிரித்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு பந்தியைக் கவனிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு மூன்று வயது, மார்கழி மாதம், பட்டப்பகலிலேயே பனி கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. நான் ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வேலை செய்துகொண்டிருந்தேன். வாய்மேல் மப்ளர், அதற்குள் பல்லிடுக்கில் ஒரு திருகாணி. நீ தவழ்ந்து மேஜைக்கடியில் வருவது தெரிந்தது. சால்டரிங் அயர்ன் சூடாக இருக்கிறது, பிள்ளையைத் தூக்கு என்று மூன்று தடவை சொன்னேன். உன் அம்மா படியில் உட்கார்ந்து, குனிந்த தலையோடு பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. நீ அயர்னைப் பிடித்துவிட்டாய்.

நீ அலறியதும் அவள் ஓடிவந்தாள். அலறல் அவளுக்குக் கேட்கும். உன்னைத் தூக்கித் தண்ணீரில் கையை முக்கினாள். நான் மூன்று தடவை சொன்னேனே, காதில் விழவில்லையா என்று கத்திக்கொண்டே அவள் கன்னத்தில் அறைந்தேன். கடையில் ஆள் இருந்தது. அவள் அழவில்லை, என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன முறைப்பு என்று இன்னும் ஒன்று வைத்தேன். அவள் முறைக்கவில்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் ஐந்து வருடம் ஆயிற்று. நான் எதற்காக அடிக்கிறேன் என்று என் வாயைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தாள், பாவி நான் வாய்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

கடையில் இருந்தவர் கிளாவரையிலிருந்து வந்த ஒரு பூண்டு விவசாயி. உன் கைக்கு எண்ணெய் தடவி முடித்த பிறகு, போகிறபோது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பாய், கோவிச்சுக்கிடாதீங்க. நீங்க செவத்தப் பாத்துல்ல பேசுனீங்க. அவுக உங்க மொகத்தப் பாக்கவே இல்லியே.” என் வீட்டு விஷயத்தில் இவர் யார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய ரேடியோவை ஒரு வாரம் வேண்டுமென்றே தாமதப்படுத்தினேன். பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்த மனுஷன் கண்டதை நான் ஆறு வருடம் குடித்தனம் நடத்தியும் காணவில்லை.

இனி கிடார் பெட்டிக்கு வருகிறேன். உனக்கு எட்டு வயதிருக்கும், அறுபதுகளின் நடுவில். மேலே ஒரு விடுதிப் பள்ளியில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர், கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய ஒரு மரப்பெட்டியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். மின்சாரக் கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர் அது. நான் அதுவரை கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபயரைத்தான் பார்த்திருந்தேன். நீ அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் சொன்ன கோளாறு விசித்திரமாக இருந்தது. “தனியா வாசிச்சா ரொம்ப ஸ்வீட்டா இருக்கு. பசங்க கூடச் சேந்து வாசிச்சா கிடார் எங்கேயோ போயிடுது. வால்யூம் கூட்டினாலும் வரலை” என்றார். கடையிலேயே வாசித்தும் காட்டினார். கீழே கும்மென்று அதிர்ந்தது, மேலே கண்ணாடி மணி போலக் கிணியென்று ஒலித்தது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பெட்டியை விட்டுவிட்டுக் கிடாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். சர்க்யூட் படம் கிடையாது, ஒவ்வொரு கம்பியாகப் பின்தொடர்ந்து போய்க் காகிதத்தில் வரைந்தேன். அதில் அடிக்குரலைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மேல்குரலுக்கு ஒரு திருகு. சின்னக் கண்டென்சர் ஒன்று கீச்சுச் சத்தத்தை மட்டும் மேல் வழியாக விடும், பெரிய கண்டென்சர் முரசுச் சத்தத்தைக் கீழ் வழியாக விடும். இரண்டுக்கும் இடைப்பட்ட சத்தம் அடியில் இருக்கிற ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகப் பூமிக்குப் போய்விடும். அந்த ரெசிஸ்டர் பெரிதாக இருந்தால் கொஞ்சம்தான் போகும், சின்னதாக இருந்தால் நடுச்சத்தம் மொத்தமும் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும். எங்கோ முன்னால் ரிப்பேர் பார்த்த யாரோ ஒருவர் ரெசிஸ்டரின் அளவைக் காட்டும் கலர்ப் பட்டையைப் பார்க்கும்போது சறுக்கியிருக்கிறார். சிவப்புப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு, பத்தில் ஒரு பங்குதான் தடை. தனியாக வாசிக்கும்போது கும்மும் கிணியும் காதை மயக்கிவிடும். மற்ற வாத்தியங்கள் சேர்ந்ததும், ஒரு கிடாரை இது கிடார்தான் என்று காட்டிக்கொடுக்கிற நடுச்சத்தம் இல்லாததால் அது காணாமல் போய்விடும். மனிதர் பேச்சில் பெரும்பகுதியும் அந்த நடுவில்தான் இருக்கிறது மகனே. அதை அன்றைக்குத்தான் கண்டேன்.

சரியான அளவு ரெசிஸ்டர் என்னிடம் இல்லை. எவ்வளவு தேவை என்று காதாலேயே கண்டுபிடிக்கலாமென்று அந்த இடத்தில் தடையைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகை வைத்துக் கட்டினேன். சோதித்துப் பார்க்கக் கிடார் இல்லாததால் நம் ரேடியோவின் சத்தத்தை அந்தப் பெட்டிக்குள் விட்டேன். மத்தியானம், விவசாய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு திருகையும் இறக்கிவிட்டு, புதுத் திருகைக் கடைசி வரை ஏற்றினேன். அறிவிப்பாளர் மூக்கால் பேசுவது போல இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் ஆணி அடித்த மாதிரி வந்தது. நான் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தேன். படிப்பக்கத்திலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது.

“உருளைக்கு மருந்தடிக்கச் சொல்றாங்க. வெள்ளனே, வெயில் ஏறுறதுக்குள்ள அடிச்சிரணுமாம்.”

கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ரேடியோ சொன்ன ஒரு விஷயத்தை அவள் என்னிடம் சொன்னதில்லை. ரேடியோக் கடைக்காரன் பெண்டாட்டி ரேடியோவே கேட்க மாட்டாள் என்று ஊரில் கேலி உண்டு. நான் தலையை வெளியே எடுத்தேன். கையில் கரண்டியோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, மற்ற இரண்டு திருகையும் ஏற்றிவிட்டு, புதுத் திருகை மெல்ல முழுவதும் இறக்கினேன். மப்ளரைக் கழற்றிவிட்டு, அவளைப் பார்த்து, இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “பேசுறாரு. ஆனா ஒண்ணும் சொல்லலை.”

அவளை உள்ளே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நானும் அப்படியே கேட்டேன். கீழே ஓர் அதிர்வு, மேலே உஸ் உஸ் என்று ஓர் உரசல், நடுவில் யாரோ பேசுவது தெரிகிறது, வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அதற்கு மேல் உட்கார முடியவில்லை, எழுந்து ரேடியோவை அணைத்தேன். இடி அவளுக்குக் கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும், சோலைக்குள் விசிலடிக்கிற குருவி கேட்கும், வளையல் உரசினால் கேட்கும். மனிதர் பேச்சு மட்டும் கேட்காது. அதனால்தான் எங்களுடைய உதட்டைப் படித்தே அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள், வருடத்தில் ஆறு மாதம் நாங்கள் அதையும் மூடி வைத்திருக்கிறோம். பழநியில் அவளுடைய அம்மாவும் சின்னம்மாவும் அப்படித்தான் பிறந்திருக்கிறார்கள், கர்வக்காரிகள் என்ற பேரோடு வாழ்ந்து முடிந்திருக்கிறார்கள். அன்றைக்கு மத்தியானம் கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து நான் அழுதேன். அக்கா வந்து கதவைத் தட்டி, பகலில் என்ன தூக்கம் என்று திட்டினாள்.

வாத்தியாரின் பெட்டிக்குச் சரியான ரெசிஸ்டரை வரவழைத்துப் போட்டுக் கொடுத்தேன், அவருடைய கிடார் கூட்டத்தில் தலை காட்டியது. நம் வீட்டு ரேடியோவுக்கு மூன்றாவது திருகு ஒன்றை வைத்தேன். அது என்ன என்று நீ கேட்டாய், புது மாடல் என்று புளுகினேன். ரேடியோ மூக்கால் பாடுகிறது என்று நீயும் என் அக்காவும் முணுமுணுப்பீர்கள். யாராவது விருந்தாளி வந்தால் உன் அம்மா நைசாகப் போய் அந்தத் திருகை இறக்கிவிடுவாள். வீட்டுக்குள் மப்ளரோடு யார் பேசினாலும் நான் எரிந்து விழுவேன், உனக்கும் அதற்காக எத்தனையோ தடவை குட்டு விழுந்திருக்கிறது. அத்தாவின் கிறுக்கு என்று நீ நினைத்திருப்பாய். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவள்தான் கூடாது என்றாள். “நாளைக்கு நம்ம வீட்ல ஒரு பொண்ணு பொறந்தா, செவிட்டு வம்சம்னு யாருங்க கட்டுவா? யார்ட்டயும் சொல்லாதீங்க, நம்ம புள்ளைட்டயும் சொல்லாதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்தேன். அவளை அடித்ததற்கு அந்த ஒரு சத்தியமாவது ஈடாகட்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். நம் வீட்டில் பிறந்த பெண் ஜமீலா. அவளைக் காப்பாற்ற என்று செய்த சத்தியத்தால், அவளுக்கு என்ன குறை என்று அவளைப் பெற்றவனுக்கே தெரியாமல் போய்விட்டது. உனக்குத் தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீ கை ஓங்கியிருக்க மாட்டாய். அந்த அறையில் பாதி என்னுடையது.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, நான் பட்டதைச் சொல்ல மட்டும் உரிமை இருக்கிறது. அவளிடம் பேசும்போது எதிரே உட்கார்ந்து பேசு, வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும். முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டுவிட்டு அவள் வரவில்லை என்று கோபப்படாதே. கத்தாதே, கத்தினால் கும்மும் கிணியும்தான் கூடும். வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பாடம் சொல்ல வேண்டாம் என்று டீச்சரிடம் பக்குவமாகச் சொல். இந்தக் காலத்தில் நடுச்சத்தத்தை மட்டும் கூட்டித் தருகிற மிஷினைக் காதுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்களாம். யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காதே. நாங்கள் அதைப் பார்த்துத்தான் இவ்வளவையும் மூடி வைத்தோம்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த மத்தியானத்துக்குப் பிறகு பத்து நாள் கழித்து, முற்றத்தில் எதிரே உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை, காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அடித்திருப்பேனா என்று கேட்டேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. “கேக்கலைன்னு எனக்கே தெரியாதேங்க. எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன். அதுலருந்து நீங்கள்லாம் எப்படியோ புரிஞ்சுக்கிறீங்க, எனக்குத்தான் அந்த அளவு புத்தி இல்லைன்னு நெனச்சேன்” என்றாள்.

உன் அம்மா எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியும். முப்பது வயது வரை அவள் தன்னை மக்கு என்று நம்பிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்திலேயே இருந்துகொண்டு அப்படி நம்ப விட்டேன். ஜமீலாவுக்கு ஆறு வயது. அவளும் இந்நேரம் அதையேதான் நம்பிக்கொண்டிருப்பாள். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவளைப் போய்க் கூப்பிடாதே. எழுந்து போய், அவளுக்கு எதிரே உட்கார், அவள் உன் முகத்தைப் பார்க்கும் வரை காத்திரு, தப்பு அவளிடம் இல்லை என்று சொல்.

உன்
அத்தா